ஹெல்லி – ஸ்வேனே: இரண்டு நிமிடம்

ஸ்வேனே தீவு
3 மார்ச் 1994

மெரனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

இது குடும்ப விஷயமாக எழுதும் கடிதம் அல்ல. எங்கள் தீவின் வரவேற்புக் குழு சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் போடுகிறது. நம் இரண்டு தீவுகளுக்கும் நடுவே பறக்கும் விமானத்தில் ஏறவென்றே தெற்கிலிருந்து ஆட்கள் கிளம்பி வருகிறார்கள். பெல்ட்டைப் போட்டு நிமிர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'விமானத்தளங்களுக்கு இடையிலான தூரமும் பயண நேரமும்' என்ற பகுதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் கப்பல் என்ஜின் அறையில் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இருக்கலாம்.

தூரத்தை வரைபடத்தில் அளந்துவிட்டேன். உங்கள் ஓடுபாதையின் தென்முனையிலிருந்து எங்கள் ஓடுபாதையின் வடமுனை வரை நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் அறுநூற்றுப் பத்து மீட்டர். நேரத்துக்குத்தான் ஆதாரம் வேண்டும். அங்கே தீயணைப்பு ஆளாக நிற்பவள் நீ. விமானம் கிளம்பும் நேரத்தையும், இங்கே இறங்கியதும் ரேடியோவில் விமானி சொல்லும் நேரத்தையும் நீதான் பதிவேட்டில் எழுதுகிறாய். இந்த ஒரு மாதத்துப் பதிவை நகல் எடுத்து அனுப்ப முடியுமா?

போனில் கேட்டிருக்கலாம். என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுவாய் என்று உன் அண்ணி இசபெல் சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சிகர்ட்


ஹெல்லி தீவு
8 மார்ச் 1994

திரு. சிகர்ட் டிரெவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வியாழக்கிழமை எழுதியது செவ்வாய்க்கிழமை வந்தது. ஸ்வேனேயிலிருந்து பெரிய தீவில் இருக்கும் கிர்க்வாலுக்குப் போய், அங்கே சனி ஞாயிறு நன்றாகத் தூங்கி எழுந்து, மறுபடி உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே பறந்து இங்கே வந்து இறங்கியிருக்கிறது. அந்தத் தபால் பையை இறக்கியவளும் நான்தான். இதையும் உங்கள் பிரசுரத்தில் போடுங்கள்: பயணிக்கு இரண்டு நிமிடம், கடிதத்துக்கு ஐந்து நாள்.

பயண நேரம் என்ன என்று என்னையா கேட்கிறீர்கள்? நாலு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் குழிக்குப் பக்கத்தில், நாற்பது பேருக்கு நடுவில் நீங்களே சொன்னீர்கள். "ரெண்டே நிமிஷம்! கெட்டில்ல தண்ணி கொதிக்கறதுக்குள்ள வந்திருக்கலாம். பெத்தவ சாகக் கிடக்கறா, இவளுக்கு ஒரு விமானம் ஏற முடியல!" வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். அதையே அச்சடித்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு விமானத்தளத்தின் சொத்து. வெளியாருக்குத் தர அனுமதி இல்லை.

மெரன் டிரெவர்
தீயணைப்புக் குழு, ஹெல்லி விமானத்தளம்


ஸ்வேனே
14 மார்ச் 1994

மெரன்,

சொன்னது சொன்னதுதான். நான் மறுக்கவில்லை.

நீ அன்றைக்கு இங்கே இல்லை. இருந்தவன் நான். காலை பத்து மணியிலிருந்து அம்மா மூன்று தடவை கேட்டாள், "மெரனோட விமானம் வந்துடுச்சா?" என்று. முதல் தடவை "வந்துகிட்டிருக்கும்மா" என்றேன். விமானச் சத்தம் கேட்டதும் நானே வாசலுக்கு ஓடினேன். எதிரே ஓடுபாதையில் இறங்கியது உங்கள் தீவு டேவியின் மனைவி ஜீன் மட்டும். அவள் இறங்கி நின்று காலை நீட்டிக்கொண்டு, திரும்ப ஏறிக் கிர்க்வாலுக்குப் போய்விட்டாள். விமானத்தில் காலி இருக்கையும் இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது தடவை அம்மா கேட்டபோது தலையணையைச் சரிசெய்தேன். குழிக்குப் பக்கத்தில் நான் அதிகமாகப் பேசியிருக்கலாம், ஆனால் பொய் எதுவும் சொல்லவில்லை. இவ்வளவுதான் இதைப் பற்றி.

பதிவேடு விஷயம்: கிர்க்வாலில் இருக்கும் விமானத்தள அதிகாரிக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். உனக்கும் தகவல் வரும். 'இரண்டு நிமிடம்' என்பது பேச்சுக்குச் சொல்வது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். குத்துமதிப்பாக எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

மகள் கிர்ஸ்டனுக்கு இது எட்டாம் மாதம். பிரசவம் ஏப்ரல் கடைசியில் இருக்கும் என்கிறார்கள். தெரிந்துகொள்.

சிகர்ட்


ஹெல்லி
4 ஏப்ரல் 1994

சிகர்ட் அவர்களுக்கு,

அதிகாரி போன் செய்து "குடுத்துத் தொலைம்மா, மனுஷன் மூணு பக்கம் எழுதிட்டாரு" என்றார். மார்ச் மாதப் பதிவின் நகல் இத்துடன். ஒரு வரி விடாமல் கையால் எழுதியிருக்கிறேன். எங்கள் நகல் இயந்திரத்தில் எலி குடும்பம் வைத்திருக்கிறது.

உங்களுக்குப் பிடிக்கும்படி விளக்கமாகவே சொல்கிறேன். 9ஆம் தேதி வடக்கிலிருந்து காற்று பிய்த்து எறிந்தது, விமானம் ஒரு நிமிடம் நாலு வினாடியில் அங்கே போய்ச் சேர்ந்தது. 15ஆம் தேதி எதிர்க்காற்று, மூன்று நிமிடம் ஐம்பது. விமானி கேலம், "நடந்து போறவங்க கைகாட்டிட்டு முந்திப் போறாங்க" என்று ரேடியோவில் சொன்னான். 22ஆம் தேதி பதினோரு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் டேவியின் ஆடுகள். டேவியும் என்னோடு நிற்கும் தீயணைப்பு ஆள்தான். ஆனால் அவன் ஆடுகளுக்கு ஓடுபாதைப் புல் என்றால்தான் இனிக்கும். தீயணைப்பு வண்டியிலேயே துரத்தினேன். அதை 'வழக்கமான பரிசோதனை ஓட்டம்' என்று எழுதியிருக்கிறேன். அச்சில் போட்டுவிடாதீர்கள்.

கிர்ஸ்டனுக்கு நான் கேட்டதாகச் சொல்லுங்கள். குழந்தையிலேயே அவளுக்குப் பிடிவாதம், நல்லபடியாகப் பெற்றுக்கொள்வாள்.

அம்மா விஷயம் இனி எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி ஏற்றிவிடுவேன். ஏற்றுகிற கை என்னுடையது.

மெரன்


ஸ்வேனே
11 ஏப்ரல் 1994

மெரன்,

நகலுக்கு நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். சில சந்தேகங்கள்.

17ஆம் தேதி பயண நேரம் எட்டு நிமிடம் என்று இருக்கிறது. எட்டு நிமிடத்தில் அந்த விமானம் ஸ்வேனேயைத் தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும். மூன்றைத்தான் நீ எட்டு என்று படித்து எழுதியிருக்கிறாய். 5ஆம் தேதியிலும் 26ஆம் தேதியிலும் இதே பிழை. 20ஆம் தேதிக்கான வரியை 19ஆம் தேதியின் மேலேயே எழுதியிருக்கிறாய். தாளின் இடது ஓரத்தில் பாதி எழுத்துகள் விளிம்பைத் தாண்டி மேசையில் விழுந்திருக்கின்றன.

நீ பள்ளியில் படிக்கும்போது உன் கையெழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லி எனக்கு அடி விழுந்திருக்கிறது. அந்தக் கை இப்படி எழுதாது. அம்மாவுக்கும் இடது கண்ணில்தான் ஆரம்பித்தது, ஐம்பத்தைந்து வயதில். கதவு நிலையில் இடித்துக்கொண்டு "யாரு இதை நகத்தி வச்சது" என்று கேட்பாள். உனக்கு இப்போது ஐம்பத்தாறு. கண்ணைக் காட்டினாயா?

இன்னொன்று. விமானம் இறங்கவும் ஏறவும் தரையில் இரண்டு தீயணைப்பு ஆட்கள் நிற்க வேண்டும் என்பது விதி. பணியில் நின்றவர்கள் என்ற கட்டத்தில் மாதம் முழுக்க 'மெ', 'டே' என்ற இரண்டே கையொப்பம்தான். உங்கள் தளத்தின் அறிவிப்புப் பலகையில் ஆறு பேர் பட்டியல் இருப்பதாக அதிகாரி எழுதியிருக்கிறார். மற்ற நாலு பேர் எங்கே?

சிகர்ட்


ஹெல்லி
15 ஏப்ரல் 1994

அண்ணா,

உன்னிடம் போய்க் கணக்குத் தாளைக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். பிரசுரம் எழுதச் சொன்னால் மனுஷன் துப்புத் துலக்குகிறார்.

மற்ற நாலு பேரா? ரூத் போன ஆகஸ்டில் கடையை மூடிவிட்டு அபர்டீனுக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். பீட்டரும் அவன் தம்பியும் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஜாக் கல்லறையில் இருக்கிறார், இரண்டாவது வரிசையில். இவர்கள் பெயரை நான்தான் பட்டியலில் அப்படியே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் புதுத் தாளில் அழகாக எழுதி மாட்டுகிறேன். தப்புத்தான். ஆனால் மூன்று பேருக்குக் குறைந்தால் தளத்தை மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மூடிவிட்டால் டாக்டர் வர முடியாது, குளிர்காலத்தில் படகும் வராது. அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம். ஒரே வருஷத்தில் இருபது பேர் ஆகிவிடுவோம். ஆட்களைத் தேடாமல் இல்லை. இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஹெல்மெட்டைப் போட்டாலே கழுத்து சுளுக்கிக்கொள்கிறது.

கண்ணைக் காட்டினேன். அம்மாவுக்கு இருந்த அதே கண்ணழுத்த நோய்தான். இடது கண்ணில் பாதி போய்விட்டது, போனது போனதுதான் என்றார்கள். ஜூன் மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் மிச்சம் நிற்குமாம். இல்லாவிட்டால் அது போய், வலது கண்ணும் அதன் பின்னாலேயே போகுமாம். அபர்டீனில் இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் நானே தள்ளிப்போட்டேன். நான் போனால் மூன்று வாரத்துக்கு டேவி ஒருத்தன்தான். ஒருத்தன் நின்றால் விமானம் இறங்காது. யார் நிற்பார்கள், நீயா?

இதை யாரிடமாவது சொன்னால் உன்னோடு எனக்கு இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. இப்போது மட்டும் இருக்கிறதா என்று கேட்காதே.

மெரன்


ஸ்வேனே
19 ஏப்ரல் 1994

மெரன்,

ஒரே ஒரு கேள்வி. 1990 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஹெல்லி ஓடுபாதையில் எத்தனை பேர் நின்றீர்கள்?

சிகர்ட்


ஹெல்லி
23 ஏப்ரல் 1994

அண்ணா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி ஏற்றுவேன் என்று சொல்லியிருந்தேன். பிரித்துவிட்டேன். நாலு வருஷமாக நீ கேட்காத கேள்வி.

இரண்டு பேர். நானும் டேவியும்.

அப்போது ரூத் இங்கேதான் இருந்தாள். ஆனால் முந்தின நாள் பல் பிடுங்கக் கிர்க்வாலுக்குப் போயிருந்தாள். தென்கிழக்குப் புயல், மூன்று நாளாகப் படகு இல்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு அண்ணி போன் செய்தாள், "உடனே வா மெரன், அம்மா தாங்க மாட்டாங்க" என்று. பத்தரைக்கு விமானம். நான் பெட்டிகூட எடுக்கவில்லை. தீயணைப்பு உடுப்புக்கு உள்ளே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு போனேன். போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் ஏறினால் தரையில் ஒருத்தன்தான் நிற்பான், விமானம் கிளம்பக் கூடாது. நான் ஏறாவிட்டால்தான் அது கிளம்பும்.

கேலமிடம் சொன்னேன். அவன் நல்லவன். "ஏறு மெரன். நான் எதையும் பாக்கல, நீயும் பாக்கல" என்றான். டேவியும் "போ, நான் ஒத்தையா சமாளிச்சுக்கறேன்" என்றான். ஆனால் உள்ளே ஜீன் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம், வலி வந்துவிட்டது என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். காற்று குறுக்கே அடிக்கிறது, ஓடுபாதையில் தண்ணீர் நிற்கிறது. ஏறும்போது ஏதாவது ஆனால், தன் மனைவி இருக்கிற விமானத்துக்கு டேவி ஒருத்தனே குழாயைப் பிடிக்க வேண்டும். ஒருத்தன் பிடித்தால் அந்தக் குழாய் அவனையே தூக்கி அடிக்கும். அது உனக்கு இப்போது புரியாது.

நான் கதவைச் சாத்தி, பூட்டைச் சரிபார்த்து, கட்டைவிரலைக் காட்டினேன். விமானம் போனது. நீ வாசலுக்கு ஓடி வந்தாய் என்று இந்த மார்ச் மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

ரூத்துக்குப் போன் செய்தேன். பாதி வாய் மரத்துப்போன நிலையில் மூன்று மணி விமானத்தில் வந்தாள். அவள் இறங்கி உடுப்பை மாட்டினால் நான் அதே விமானத்தில் ஏறலாம் என்று ஏற்பாடு. இரண்டரைக்கு அண்ணி மறுபடி போன் செய்தாள். அதற்குப் பிறகு ஏறி என்ன ஆகப்போகிறது?

குழிக்குப் பக்கத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். நீ கத்தியபோது உனக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? விமானத்தள அதிகாரி. "ரெண்டு பேர்தான் இருந்தோம்" என்று நான் சொல்லியிருந்தால், "மீதி நாலு பேர் எங்கேம்மா" என்று அவர் அங்கேயே கேட்டிருப்பார். அதனால் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயாவது பிறகு தனியாக வந்து கேட்பாய் என்று நினைத்தேன். ஒரு மாதம் காத்திருந்தேன். அப்புறம் எனக்கும் கோபம் வந்துவிட்டது.

அம்மா மூன்று தடவை கேட்டாள் என்று நீ எழுதிய கடிதத்தை எரித்துவிட்டேன். எரித்தும் ஒன்றும் ஆகவில்லை, மனப்பாடமாக இருக்கிறது.

எழுதிவிட்டேன். இனி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

மெரன்


கிர்க்வால்
8 மே 1994

மெரன்,

இரண்டு வாரம் பதில் போடவில்லை. காரணம் இருக்கிறது.

கிர்ஸ்டனுக்குப் பெண் குழந்தை, 27ஆம் தேதி. மூன்று கிலோ நானூறு. இருவரும் நலம். அதைப் பார்த்துவிட்டு மறுநாளே இங்கே வந்தேன். ஒன்பது நாளாகத் தீயணைப்புப் பயிற்சியில் இருக்கிறேன். வகுப்பில் பதினோரு பேர். எனக்கு அடுத்த மூத்தவனுக்கு முப்பத்து நாலு வயது. விதிப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன், வயது வரம்பு எதுவும் இல்லை. ஏணிதான் வரம்பு.

முதல் நாள் அந்தக் குழாயை ஒருத்தனாகப் பிடிக்கச் சொன்னார்கள், பாடத்துக்காக. தண்ணீரைத் திறந்ததும் நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்து நின்றபோது நீ எழுதியது புரிந்தது. பயிற்சியாளர், "தாத்தா, இதுக்குத்தான் ரெண்டு பேர்" என்றார். எனக்குத் தெரியும் தம்பி, நாலு வருஷம் தாமதமாகத் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

நேற்றுத் தேர்வு. கண்ணும் காதும் சரி. ஓட்டத்தில் கடைசி, ஆனால் நேரத்துக்குள். கடிகாரம் பார்த்து ஓடினேன். தேறிவிட்டேன்.

அதிகாரியிடம் போய், ஹெல்லியின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். "அங்கதான் ஆறு பேர் இருக்காங்களே, எதுக்கு ஏழாவது ஆள்?" என்றார். நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். "அதுல ஒருத்தர் கொஞ்ச நாளா ரொம்ப மந்தமா இருக்கார்" என்றேன். ஜாக்கை மனதில் வைத்துத்தான் சொன்னேன். பெயரைச் சேர்த்துவிட்டார்.

அபர்டீனுக்கும் நானே போன் செய்தேன். மே 20, வெள்ளிக்கிழமை. இந்தத் தேதியை நீ தள்ளிப்போட்டால் நான் பட்டியலைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். இது மிரட்டல்தான். 17ஆம் தேதி வருகிறேன். உன் வீட்டில் தங்குவேன், டேவி வீட்டில் அல்ல.

நான் செய்தது தவறு மெரன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்காமல் நாற்பது பேர் முன்னால் உன்னை அவமானப்படுத்தினேன். கோபத்தில் பேசினேன் என்று சமாளிக்கலாம். கோபம் ஒரு நாளில் போயிருக்கும். மிச்சம் நாலு வருஷம் வெறும் திமிர். என்னை மன்னித்துவிடு.

சிகர்ட்


ஹெல்லி
12 மே 1994

அண்ணா,

கடிதத்தை டேவியிடம் காட்டினேன். மந்தமா இருக்கார் என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பத்தியை அவனுக்குக் காட்டவில்லை.

வா. பார்லி ரொட்டி சுட்டு வைக்கிறேன். சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். விமானம் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வண்டியில் இருக்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும். விமானம் கிளம்பிக் கண்ணுக்கு மறையும்வரை இறங்கக் கூடாது. 17ஆம் தேதி நான் பணியில் இருப்பேன். நீ இறங்கினதும் ஓடி வந்து கட்டிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. வேலி ஓரமாகப் போய் நில். விமானம் போன பிறகுதான் மற்றதெல்லாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கத்தி கண்ணில் படும் என்பதால் இல்லை. முடிந்து கட்டை அவிழ்க்கும்போது ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது? இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

மெரன்


ஹெல்லி
30 மே 1994

மெரனுக்கு, அபர்டீன் ஆஸ்பத்திரி, கண் பிரிவு.

தலைமை நர்ஸிடம் போனில் பேசினேன். அழுத்தம் இறங்கிவிட்டது, இருக்கிற பார்வை நிற்கும் என்றார். நீயே படிப்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தாள் வீணாகிறது, பரவாயில்லை.

18ஆம் தேதி நீ ஏறிப் போனபோது நான் கையாட்டவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். நீயே சொன்ன விதிதான். கதவைச் சாத்தியதும் நானே. கைப்பிடியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். கேலம் உள்ளேயிருந்து கத்தினான், "போதும்யா, கழண்டு வந்துடப் போவுது!" விமானம் ஸ்வேனேயில் இறங்க ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. பதிவேட்டில் எழுதிவிட்டேன், மூன்றை மூன்றாகவே.

உன் கோழிகள் என்னை மதிப்பதில்லை. டேவி மதிக்கிறான், ஆனால் ஆடுகளைக் கட்டிவைக்க மறுக்கிறான். தினமும் இரண்டு விமானம். நடுவில் உன் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு அடைத்தேன். நேற்று விமானம் ஒன்றில் லண்டன்காரர்கள் நாலு பேர் இரண்டு நிமிடப் பயணத்துக்குச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். "இவ்வளவு பக்கத்துல இருக்கீங்க, தினமும் போய் வருவீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன்.

ஒரு சங்கடம். கிர்ஸ்டனின் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஜூன் 12, ஞாயிறு, காலை பதினொன்றுக்கு. ஞாயிறு விமானம் இங்கிருந்து கிளம்புவது பதினொன்று முப்பதுக்கு. அட்டவணையை மூன்று தடவை பார்த்தேன். முதல் நாளே படகில் போனாலும் திரும்ப முடியாது. நானும் டேவியும்தான். கிர்ஸ்டனிடம் போனில் சொன்னேன். "ரெண்டு நிமிஷம்தானேப்பா? அங்க ஆறு பேர் இருக்காங்கல்ல? பேத்திக்காக உங்களால ஒரு நாள் வர முடியாதா?" என்றாள்.

என்னால் விளக்க முடியவில்லை. விளக்கினால் பட்டியல் வெளியே வரும். "வேலைம்மா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் போனை வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. தெரிகிறது என்று எழுதுவதுகூட அதிகம். எனக்கு இது ஒரு விசேஷம்தான், உனக்கு அம்மா.

நீ திரும்பும் வழியில் ஸ்வேனேயில் இறங்கி, முடிந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டனோடு இரு. எனக்குப் பதிலாக என்று சொல்ல மாட்டேன். அத்தையாக இரு.

சிகர்ட்


ஸ்வேனே
12 ஜூன் 1994, ஞாயிறு

அண்ணா,

அண்ணியின் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் இந்த வரியைப் பார்த்தேன். மங்கலாக, நடுவில் மட்டும், ஆனால் தெரிகிறது.

முதலில் நீ திட்டப்போகிற விஷயம். வெள்ளிக்கிழமை கிர்க்வாலில் இறங்கியதும் நேரே அதிகாரியின் அறைக்குப் போய்ப் பட்டியலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி என்னால் வண்டி ஓட்ட முடியாது, எப்படியும் என் பெயர் போகப்போகிறது. அதோடு இது உன் தலையிலும் விழ விட மாட்டேன். மனுஷர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஜாக் செத்துட்டாரா? போன கிறிஸ்துமஸுக்குக்கூட வாழ்த்து அட்டை அனுப்பினேனே" என்றார். அதைக் கிழித்து அடுப்பில் போட்டதே நான்தான். பிறகு கத்தினார், நன்றாகவே கத்தினார். கடைசியில் அக்டோபர் வரை நேரம் கொடுத்தார். அதற்குள் உன்னையும் டேவியையும் சேர்த்து மூன்று பேர் வேண்டும், உயிரோடு. ஜீன் பயிற்சிக்கு வருகிறாள். அவளோடு போனில் பேசிவிட்டேன். "அன்னிக்கு நீ எனக்காக நின்னே, கேக்கணுமா?" என்றாள்.

இன்று காலை கோயில் நிறைந்திருந்தது. அன்று குழிக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். கிர்ஸ்டன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு குழந்தையோடு முன்னால் நின்றாள். அவள் மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தாத்தா வரலியா? எதிர்க்கரையிலதானே இருக்காராம்?" என்றாள்.

அண்ணா, நான் எழுந்து நின்றேன். போதகர் கையில் தண்ணீரோடு காத்திருந்தார்.

"ரெண்டு நிமிஷ தூரத்துலதான் இருக்கான். வர முடியாது. ஹெல்லியில நிக்கறதுக்கு ரெண்டே பேர், அதுல அவன் ஒருத்தன். அவன் வந்தா விமானம் கிளம்பாது. நாலு வருஷத்துக்கு முன்னால எங்க அம்மா போனப்ப என்னாலயும் வர முடியல, இதே காரணம்தான். அப்ப நான் சொல்லல. இப்ப சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

போதகர் மெதுவான ஆள், உனக்குத் தெரியும். ஜெபம் முடித்து அவர் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் வைக்கும்போது பதினொன்று முப்பத்திரண்டு. கூரைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிர்ஸ்டன் அழுதுகொண்டே குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, "அதோ பாரு, தாத்தா அனுப்பின விமானம்" என்றாள்.

மெரன்